மாதாமாதம் சீஸ், கூடவே கொஞ்சம் தர்மம்: பெட்டியா, நேரடிக் கொள்முதலா, தனி நன்கொடையா?

மாதம் ஒருமுறை நல்ல சீஸ் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், கொடுக்கும் காசில் ஒரு பங்கு நல்ல காரியத்துக்கும் போக வேண்டும். இந்த ஆசைக்கு மூன்று வழிகள் உண்டு. ‘ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பங்கு அறக்கட்டளைக்கு’ என்று சொல்லி விற்கும் சந்தாப் பெட்டி முதலாவது. சீஸ் செய்கிற இடமே ஒரு சமூக நோக்கத்தோடு நடக்க, அவர்களிடமே நேராக வாங்குவது இரண்டாவது. சீஸைப் பிடித்த இடத்தில் வாங்கிக்கொண்டு, நன்கொடையைத் தனியாக அனுப்பிவிடுவது மூன்றாவது.

மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மாதம் அதே 1,800 ரூபாய் செலவழித்தாலும் உதவிக்குப் போய்ச் சேர்வது ஒரு வழியில் 27 ரூபாய், இன்னொரு வழியில் 500 ரூபாய் என்று ஆகிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

## முடிவெடுக்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்

போய்ச் சேரும் தொகை. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் கேளுங்கள். ‘இலாபத்தில் 10 சதவீதம்’ என்பதும் ‘விலையில் 10 சதவீதம்’ என்பதும் விளம்பரத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும். 1,800 ரூபாய்ப் பெட்டியில் விற்பவருக்கு 15 சதவீத இலாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் இலாபம் 270 ரூபாய், அதில் 10 சதவீதம் 27 ரூபாய். விலையில் 10 சதவீதம் என்றால் 180 ரூபாய். வருடத்துக்கு 324 ரூபாயா, 2,160 ரூபாயா என்பதுதான் கேள்வி.

ரசீது யார் பெயரில். பெட்டியின் விலைக்குள் அடங்கிய நன்கொடையைக் கொடுப்பவர் நீங்கள் அல்ல, நிறுவனம். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி கழிவு உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் வைத்திருப்பது ஒரு பொருள் வாங்கிய பில் மட்டுமே.

குளிர் விடாமல் வருகிறதா. பால்கொழுப்பின் பெரும்பகுதி 30 டிகிரியைத் தாண்டும்போது உருகிவிடும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடக்கும் செடார் எண்ணெய் வழிய வியர்த்துப்போகும். மறுபடி குளிரவைத்தால் வழிந்த கொழுப்பு மேலே படலமாக உறையுமே தவிர உள்ளே திரும்பாது. வெட்டினால் பொலபொலவென்று உதிரும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கல்லாய் உறைந்த ஜெல் பொட்டலத்தை மென்மையான பிரீ சீஸின் மேல் நேராக வைத்துக் கட்டினால், தொட்ட பக்கம் உறைந்து மணல்மணலாகிவிடும். இடையில் ஒரு அட்டையாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தின்று தீருமா. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் என்பது சரியான அளவு. நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை சாப்பிட்டால் மாதத்துக்கு 480 கிராம். ஆக, அரைக் கிலோ பெட்டி நாலு பேர் குடும்பத்துக்கானது. அதுவும் நாலு பேரும் சாப்பிட்டால். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பாதி வீணாகும், அல்லது மூன்றாவது வாரம் கெட்டுவிடப் போகிறதே என்று பீட்சாவில் கொட்டித் தீர்ப்பீர்கள். கைவினைச் சீஸை அப்படித் தீர்ப்பதற்கு சாதாரண மொசரெல்லாவே போதும்.

வீட்டுக்கு ஆகுமா. பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னட், பாரம்பரியமாகக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இந்தியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னட்டையே பயன்படுத்துகிறார்கள். இறக்குமதி சீஸ் கலந்த பெட்டியில்தான் கவனம் வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸைக் கன்று ரென்னட் இல்லாமல் செய்ய அதன் விதியே இடம் கொடுப்பதில்லை. சைவ வீடு என்றால் பெட்டியின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் போதாது, உள்ளே ஒவ்வொரு துண்டின் உறையிலும் பாருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பிரீ, கமம்பேர், நீலப் பூஞ்சைச் சீஸ், காய்ச்சாத பாலில் செய்த சீஸ் எதுவும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும்.

நிறுத்த முடிகிறதா. தானியங்கிக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போய்விடும். யுபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் செயலியிலேயே ரத்து செய்யலாம், விற்பவரின் தயவு வேண்டாம். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டிக் கட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

## ஒரே பார்வையில்

| | அறப் பங்கு உள்ள சந்தாப் பெட்டி | சமூக நோக்குள்ள தயாரிப்பாளர் | சீஸ் தனி, நன்கொடை தனி |
|---|---|---|---|
| உதவிக்குப் போவது | விலையில் சிறு பங்கு | கூலி, பயிற்சி, சமூகப் பணி | நீங்கள் வைக்கும் தொகை முழுவதும் |
| 80ஜி கழிவு | இல்லை | இல்லை | உண்டு, பழைய வரிமுறையில் மட்டும் |
| சீஸைத் தேர்வது | அவர்கள் | நீங்கள், இருப்பதிலிருந்து | நீங்கள் |
| பயண தூரம் | பெரும்பாலும் கூரியர் | அதே ஊர் என்றால் சில மணி நேரம் | கடை உங்கள் தெருவில் |
| மறைசெலவு | வீணாகும் சீஸ், பெட்டிப் பொதி, மறந்துபோன சந்தா | விலை சற்றுக் கூடுதல், மாதாமாதம் மாறும் இருப்பு | உங்கள் ஞாபகம் |
| பொருந்துவது | பரிசுக்கு, தானாக நடக்க வேண்டியவர்களுக்கு | சென்னை, புதுச்சேரி, பெங்களூரு வட்டாரத்தாருக்கு | கொடுப்பதே முதல் நோக்கம் என்பவர்களுக்கு |

## முதல் வழி: சந்தாப் பெட்டி

இதன் பலம் பழக்கம். ஒருமுறை பதிந்துவிட்டால் மாதாமாதம் நடக்கும். உங்களுக்கே தேர்ந்தெடுக்கத் தோன்றாத சீஸ் தட்டில் வந்து விழும். சாம்பல் தடவிய ஆட்டுப்பால் சீஸையோ, பால் திரிந்தபின் மிஞ்சும் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் நார்வே பாணி புரூனோஸ்டையோ கடையில் யாரும் சட்டென்று கையில் எடுப்பதில்லை. மும்பையின் எலெஃப்தீரியா என்ற சீஸ் நிறுவனம் செய்யும் புரூனோஸ்ட் 2021 உலகச் சீஸ் விருதுகளில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. நம் நாக்குக்கு அது உப்புப் போட்ட திரட்டுப்பால். இப்படி ஒன்றை முதல்முறை ருசி பார்க்கப் பெட்டி நல்ல வழிதான்.

இனி பணம். கெட்டிச் சீஸ் ஒரு கிலோ செய்ய ஏறத்தாழ 10 லிட்டர் பசும்பால் வேண்டும். அரைக் கிலோ பெட்டிக்கு 5 லிட்டர். அதற்கு மேல் மாதக்கணக்கில் பதமாகும் குளிர் அறை, கூலி, தெர்மோகோல், ஜெல் பொட்டலம், விரைவுக் கூரியர், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறுகின்றன. சீஸுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலையிலேயே நிற்கும் பெட்டி, அந்த வித்தியாசத்தை யாருக்குக் கொடுத்தது என்று கேட்பதில் தவறில்லை. இத்தனை செலவுக்கும் பிறகு ‘விலையில் பாதி தர்மத்துக்கு’ என்று ஒருவர் சொன்னால், சீஸ் மட்டமாக இருக்கிறது அல்லது கணக்கு மட்டமாக இருக்கிறது. விலையில் 5 முதல் 10 சதவீதம் என்று சொல்பவரை நம்பலாம், செய்யக்கூடியது அது.

பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருக்கிறது. நன்கொடைப் பங்கு விலைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதற்கும் சேர்த்தே ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்கள். அதையே பில்லில் தனித் தொகையாக, விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்று வைத்து, அறக்கட்டளைக்கு அப்படியே அனுப்பும் விற்பனையாளர் இருந்தால் அவரே மேல். சில இடங்களில் அந்தத் தனித் தொகைக்கு அறக்கட்டளையின் ரசீதே உங்கள் பெயருக்கு வரும்.

‘ஒரு பெட்டிக்கு ஒரு குழந்தைக்கு ஒரு வேளைச் சாப்பாடு’ என்ற வகை வாக்குறுதியில் மனம் இளகுவது இயல்பு. உணவு வழங்கும் அமைப்புகள் ஒரு வேளைக்கோ ஒரு குழந்தைக்கோ ஆகும் செலவைத் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தொகையைப் பெட்டி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டி விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

மறைசெலவில் பெரியது வீண். பெட்டி வந்தவுடன் ஒரு வரிசை வேண்டும்: புராட்டா, ரிக்கோட்டா போன்ற புதுச் சீஸ் முதல் மூன்று நாளில், பிரீ வகையறா அடுத்த இரண்டு வாரத்தில், கூடா, செடார் போன்ற கெட்டிச் சீஸ் கடைசியில். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் மூச்சு முட்டிப் பிரீயில் அம்மோனியா வாடை ஏறும். பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில், காய்கறித் தட்டில் வையுங்கள். கெட்டிச் சீஸில் பூஞ்சை பூத்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில், அதற்கே உரிய பூஞ்சை அல்லாத வேறு நிறம் தெரிந்தால் முழுவதும் குப்பைக்குத்தான்.

எப்போது பெட்டி சரி? பரிசுக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை சென்னையில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். அவர் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர், வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்பு மட்டுமே அவர் பணத்தை வாங்க முடியும். ஊரில் உள்ள பல சிறு அறக்கட்டளைகளுக்கு அந்தப் பதிவு கிடையாது. பெட்டி வாங்குவதோ சாதாரண வியாபாரம், இந்தச் சிக்கல் இல்லை. (இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இன்னொருவருக்கும் இது பொருந்தும்: தனியாக நன்கொடை கொடுக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டே இருப்பவர். கொடுக்காத 500 ரூபாயைவிடப் போய்ச் சேரும் 180 பெரிது.

## இரண்டாம் வழி: செய்கிற இடமே சேவை

சென்னையில் 2016இல் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் தொடங்கிய ‘கேஸே’ இதற்கு நல்ல உதாரணம். செவித்திறன் குறைந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே சீஸ் செய்பவர்களாக வைத்து வளர்ந்த இடம். ஆரோவில்லின் ‘லா ஃபெர்ம்’ வேறு வகை; ஆரோவில்லின் மற்றத் தொழில் அலகுகள் போல, அதன் வருமானமும் அந்தச் சமூகத்தின் பொதுத் தேவைக்குப் பங்களிக்கிறது. பெங்களூருவில் வல்லொம்ப்ரோசா சபையைச் சேர்ந்த பெனடிக்டின் துறவிகள் இத்தாலிய முறையில் மொசரெல்லாவும் புராட்டாவும் செய்து விற்கிறார்கள். வரும் காசு மடத்துக்கும் அதன் பணிகளுக்கும்.

இங்கே ‘எத்தனை சதவீதம்’ என்ற கேள்விக்கே இடமில்லை. உதவி என்பது மாதச் சம்பளமாகவும் கற்றுக்கொண்ட தொழிலாகவும் ஏற்கனவே சீஸுக்குள் இருக்கிறது. சம்பளத்தில் வாழ்பவர் யாருடைய இரக்கத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதால், மூன்றில் எனக்குப் பிடித்த வழி இதுதான் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதை ரசீதாகக் காட்ட முடியாது. எவ்வளவு நன்மை நடந்தது என்று ரூபாயில் அளக்கவும் முடியாது. அப்படி அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்பவருக்கு மூன்றாம் வழிதான்.

சிறு தயாரிப்பாளருக்கு எது உதவி என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று மாதம் பதமாகும் சீஸுக்கான பாலை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிவிட வேண்டும். அந்தக் காசு திரும்பி வர மூன்று மாதம். தீபாவளிக்கு மொத்தமாகப் பத்துப் பெட்டி வாங்கிவிட்டுப் பிறகு காணாமல் போகிறவரைவிட, மாதம் 200 கிராம் தவறாமல் வாங்குகிறவர் அவர்களுக்குப் பெரிய ஆதரவு. வாட்ஸப்பில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதற்கேற்றபடி பால் எடுப்பார்கள்.

குறைகளும் உண்டு. கோடையில் மாடு கறப்பது குறையும், பாலின் கொழுப்பும் இறங்கும்; கேட்ட சீஸ் மே மாதம் இல்லாமல் போகலாம். கையால் செய்வதால் போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே ருசியில் இருக்காது. சிலர் அதைக் குறை என்பார்கள், கைவினை என்று சொல்லிவிட்டுப் பிறகு அச்சில் வார்த்தது போல எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை. விலையும் கடைச் சீஸைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு இந்த வழி கிட்டத்தட்ட இல்லை. புராட்டாவை அவ்வளவு தூரம் அனுப்புவதில் அர்த்தமில்லை. கூரியரில்தான் வாங்க வேண்டும் என்றால் ஃபெட்டாவையும் கெட்டிச் சீஸையும் மட்டும் கேளுங்கள். உப்புநீரில் மிதக்கும் ஃபெட்டா பயணத்தைத் தாங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சாப்பிட்டால் உப்பு குறையும்.

## மூன்றாம் வழி: இரண்டையும் பிரித்துவிடுவது

மாதம் 1,800 ரூபாய் என்று முடிவு செய்தாயிற்று. அதில் 1,300க்கு உங்களுக்குப் பிடித்த சீஸ், 500 நன்கொடை. கொடைக்கானல் சீஸோ, பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டின் கூடாவோ, தேவைப்பட்ட அளவு மட்டும், தேவைப்பட்ட வாரத்தில். தெர்மோகோல் கிடையாது. கொடுக்கும் பணத்தில் எதுவும் பெட்டிக்கும் கூரியருக்கும் கரையாது.

பழைய வரிமுறையில் இருப்பவருக்கு இதில் கூடுதல் ஆதாயம். 80ஜி பதிவு பெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் 50 சதவீதம் வருமானத்திலிருந்து கழியும். வருடம் 6,000 ரூபாய் கொடுத்தால் 3,000 கழிவு. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 624 ரூபாய் மிச்சம், 30 சதவீத வரம்பில் 936. புதிய வரிமுறைக்கு மாறிவிட்டவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. இன்று சம்பளக்காரர்களில் பலர் புதிய முறையில் இருப்பதால், 80ஜி என்று பெரிதாகப் போட்டு விற்பவரைப் பார்த்து மயங்க வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு போய்விடும். அமைப்பின் பான் எண்ணும் பதிவும் வருமானவரித் துறையின் தளத்தில் இருக்கிறதா என்று முதல் தடவையே பார்த்துவிடுங்கள். நிதி ஆயோக்கின் ‘தர்பண்’ தளத்திலும் தேடலாம். வருட முடிவில் அமைப்பு தரும் நன்கொடைச் சான்றிதழ் இல்லாமல் வெறும் ரசீதை வைத்துக் கழிவு கேட்டால் நிராகரிக்கப்படும்.

இதன் பலவீனம் ஒன்றே ஒன்று: மனிதர்கள். சீஸ் வாங்க மறக்க மாட்டோம், நன்கொடையை மறப்போம். மூன்றாம் மாதமே அந்த 500 ரூபாய் வேறு செலவில் கலந்துவிடும். ஆகவே சீஸுக்குச் சந்தா போடாதீர்கள், நன்கொடைக்குச் சந்தா போடுங்கள். சம்பளம் வந்த மறுநாள் ஆட்டோபேயில் 500 போகட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பாலில் செய்த அமுல் சீஸை யாரும் ‘நல்ல காரியம்’ என்று விளம்பரப்படுத்துவதில்லை. ஆனால் அதன் உரிமையாளர்கள் பால் ஊற்றும் விவசாயிகள்தான். கைவினை ருசி வேண்டாம், பணம் பாடுபடுகிறவர் கைக்குப் போனால் போதும் என்றால் அந்த மஞ்சள் க்யூப் டப்பாவை அலட்சியம் செய்யத் தேவையில்லை.

## கலந்தும் செய்யலாம்

சென்னையில் இருக்கும் மூன்று பேர் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது: மாதம் 250 கிராம் அளவுக்கு இரண்டாம் வழியில் நேராக வாங்குங்கள், 500 ரூபாய் தானியங்கி நன்கொடை தனியாகப் போகட்டும், சந்தாப் பெட்டியைப் பிறந்தநாள் பரிசுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதுரை, கோவையில் இருப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெட்டியை ருசி பார்த்துவிட்டு, வெயில் ஏறும் மார்ச்சில் நிறுத்திவைக்கலாம். சந்தாவை நிறுத்திவைக்க விடாத நிறுவனம் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

## முதல் பணம் கட்டும் முன்

விற்பவருக்கு ஒரே செய்தியில் நாலு கேள்வி அனுப்புங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை ரூபாய், எந்த அமைப்புக்கு, எப்போது போகிறது? போன வருடம் மொத்தம் எவ்வளவு போனது, அதற்கு அந்த அமைப்பு கொடுத்த ஒப்புகை இருக்கிறதா? எந்தக் கிழமை அனுப்புகிறீர்கள்? உருகி வந்தால் பணம் திரும்புமா, அடுத்த மாதப் பெட்டியா?

கிழமையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்பும் பொதி ஞாயிறு முழுவதும் கூரியர் கிடங்கில் கிடக்கும்; ஜெல் பொட்டலம் அவ்வளவு நேரம் தாங்காது. திங்கள் அல்லது செவ்வாய் என்று பதில் வந்தால் அவர்களுக்குத் தொழில் தெரியும். பெட்டியைத் திறந்ததும் உறையின் மேல் கைவைத்துப் பாருங்கள். சில்லென்று இல்லாவிட்டால் அங்கேயே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் சொன்னால் நிற்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் துண்டுகளின் உறையிலும் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு ரூபாயில் பதில் வராமல் ‘உங்கள் ஆதரவுக்கு நன்றி’ என்று மட்டும் வந்தால், சீஸ் பிடித்திருக்கும் பட்சத்தில் ஒற்றைப் பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். சந்தா வேண்டாம்.